வேலையிழந்த வேட்டைநாய்க்கு ஒரு வேலை
(வீட்டு நாய்க்குத் தடைதாண்டல் பயிற்சி – ஆறு வாரப் பாடம்)



சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த சகோதரி ஒருவர், "ஐயா, உங்கள் வீட்டு மணி சர்க்கஸ் எல்லாம் செய்கிறதாமே! எங்கள் வீட்டில் இருப்பது பக் ஜாதி. அதற்கும் இதெல்லாம் வருமா?" என்று கேட்டார். எதிர் வரிசையில் இருந்த தம்பி, "நாங்கள் தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிறோம். அதற்கும் சொல்லித்தர முடியுமா?" என்றார். பாயசம் வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டனர். பந்தியில் அமர்ந்து சொல்லி முடிகிற செய்தி அன்று. எழுதித் தருகிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கின்படியே இந்தப் பாடம்.

மணி வந்த கதை

மகர்பட்டாவில் நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்க் கோயில் கொடைக்குச் சென்ற என் மகன், திரும்பும்போது சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்தான். நம் ஊர் நாய் நம்மோடு இருக்கட்டும் என்ற ஆசைதான். பேரன் அதற்கு 'மணி' என்று பெயர் வைத்தான். தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது!

எட்டாவது மாதத்தில் தொல்லை தொடங்கியது. செருப்புகள் போயின, சோபாவின் பஞ்சு வெளியே வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் கூடத்திற்கும் படுக்கையறைக்குமாக அது ஓடும் ஓட்டத்தில் கீழ் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. காலையும் மாலையும் பத்து நிமிடம் கயிற்றில் கட்டி நடத்தினால் போதும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கடைசியில், மணியை ஊருக்கே அனுப்பிவிடுவது என்று மகனும் மருமகளும் முடிவு செய்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் கீழ் வீட்டு மராத்தியப் பெரியவர் மேலே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ மணியை உற்றுப் பார்த்து, "இது எங்கள் கிராமத்துக் கர்வானி நாய் மாதிரியே இருக்கிறதே! இதை வீட்டில் உட்கார வைத்தால் வீட்டைத்தான் வேட்டையாடும். இதற்கு ஒரு வேலை கொடுங்கள்" என்றார். வேலை தேடிப் புனேவுக்கு வந்தவர்கள் நாம். நாயை மட்டும் வேலையில்லாமல் அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன வேலை கொடுக்கலாம் என்று தேடியதில் கிடைத்ததே இந்தத் தடைதாண்டல் விளையாட்டு.

தடைதாண்டல் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதற்கு 'அஜிலிட்டி' என்று பெயர். 1978-இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர்களை மகிழ்விக்க ஏதாவது செய்யவேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் விரும்பினர். ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் ஆகிய இருவரும் குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து, அதைப் போலவே நாய்களுக்கு ஒன்றை அமைத்துக் காட்டினர். மக்கள் அதைப் பெரிதும் விரும்பினர். 1980-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. 1996-இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது.

போட்டியின் முறை எளிது. திடலில் ஏறத்தாழ இருபது தடைகள் வரிசை எண்ணோடு வைக்கப்பட்டிருக்கும். தாண்டும் கம்புகள், நுழைந்தோடும் குழாய், ஏறி இறங்கும் கூரைவடிவப் பலகை, நடைபாலம், சீசா, தொங்கும் வளையம், பன்னிரண்டு கம்புகளுக்கிடையே பாம்புபோல் வளைந்தோடும் வரிசை ஆகியவை முக்கியமானவை. நாயின் கழுத்தில் கயிறு இராது. உடன் ஓடுபவர் நாயையும் தொடக்கூடாது, தடையையும் தொடக்கூடாது. குரலாலும் கையாலும் உடல் திருப்பத்தாலும் மட்டுமே வழிகாட்டவேண்டும். கம்பு விழுந்தால் குற்றப்புள்ளி. நடைபாலத்தின் இரு முனைகளிலும் 90 செ.மீ. நீளத்திற்கு வேறு நிறம் பூசியிருப்பார்கள். அந்த இடத்தில் காலை வைக்காமல் குதித்துவிட்டாலும் குற்றப்புள்ளி. உயரத்திலிருந்து குதித்து நாய் அடிபட்டுக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே அந்த விதி.

சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் ஒரே உயரத்தில் கம்பு வைப்பதில்லை. தோள் உயரத்தை அளந்து பிரிவு பிரிப்பார்கள். பன்னாட்டு விதிப்படி 48 செ.மீ.க்கு மேற்பட்ட உயரமுள்ளவை பெரிய நாய்கள். சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் இந்தப் பிரிவில்தான் வரும்.

எந்த ஜாதிகள் வெல்கின்றன? ஏன்?

உலகப் போட்டிகளின் பரிசுப் பட்டியலைப் பார்த்தால் 'பார்டர் கோலி' என்ற பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். இது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்பகுதியில் ஆடு மேய்க்க வளர்க்கப்பட்ட ஜாதி. ஆட்டு மந்தையைத் திருப்பும்போது, தொலைவில் நிற்கும் இடையனின் சீழ்க்கைக்கும் கையசைவுக்கும் அது கணத்துக்குக் கணம் கீழ்ப்படிய வேண்டும். மனிதனைக் கவனிப்பதே அதன் தொழில். தடைதாண்டலுக்குத் தேவையானதும் அதுவே.

நம் சிப்பிப்பாறையின் கதை வேறு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய இந்த நாய், கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்டது. முயல் ஓடத் தொடங்கிய பிறகு எசமானன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முயல் போய்விடும். ஆகவே தானே முடிவெடுப்பது அதன் இரத்தத்தில் ஊறியது. 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் குணமே அந்நாளில் அதன் பெருமையாக இருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது நல்லதே. ஆனால், நாயின் வேலை போனதே தவிர அதன் கால்களும் கண்களும் அப்படியேதான் இருக்கின்றன.

நம் நாய்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. இராஜபாளையமும் முதோளும் அவற்றுள் இரண்டு. முதோள் என்பது வடகர்நாடகத்தில் அமைந்த ஊர். மகாராஷ்டிரத்தில் கர்வானி என்று வழங்கும் நாயும் அந்த உறவுதான். எங்கள் கீழ் வீட்டுப் பெரியவருக்கு மணியைப் பார்த்ததும் தம் கிராமம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. 2024-இல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்துறைப் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்ற முதோள் பெண்நாய், வெளிநாட்டு ஜாதி நாய்கள் பலவற்றை முந்தி முதல் பரிசு பெற்றது. அது தடைதாண்டல் போட்டி அன்று; ஆனாலும், பயிற்சி முறையாக இருந்தால் வேட்டைநாயும் மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே 2024-இல் நியூயார்க்கில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் தடைதாண்டல் போட்டியில் 'நிம்பிள்' என்ற கலப்பு நாய் வென்றது. 2014-இல் அந்தப் போட்டி தொடங்கியதிலிருந்து கலப்பு நாய் ஒன்று வென்றது அதுவே முதல் முறை. அதன் உடம்பிலும் பாதி பார்டர் கோலி இரத்தம்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்!

ஆகவே, 'என் நாய்க்கு இது வருமா?' என்று கேட்பதைவிட, 'என் நாய் எந்த வேலைக்காகப் பிறந்தது? அதற்கு எதை முதலில் சொல்லித்தர வேண்டும்?' என்று கேட்பதே சரி. எல்லா நாய்க்கும் பாடம் ஒன்றுதான். வரிசையும் வேகமும்தான் மாறும்.

எந்த நாய்க்கு எந்தக் கவனம்?

சிப்பிப்பாறை, கன்னி, கர்வானி: ஓட்டத்தில் குறையே இல்லை. கவனம்தான் குறை. முதல் மாதம் முழுவதும் பார்வைப் பழக்கத்திற்கே செலவிடவேண்டும். நேராகப் பறக்கும் நாய்க்குத் திரும்புவதுதான் கடினம். தோல் மெல்லியது, எளிதில் கீறும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புனேயின் குளிருக்கு நடுங்கும். உடம்பு சூடேறும்வரை ஒரு துணிச்சட்டை போட்டு நடத்துங்கள்.

இராஜபாளையம்: இந்த வெண்ணிற நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அதனால் ஒதுக்கவேண்டியதில்லை. இந்த விளையாட்டைக் கையசைவால் மட்டுமே முழுவதும் ஆடமுடியும்.

கோம்பை: தேனி மாவட்டத்துக் காவல்நாய். அயலாரைக் கண்டால் சிலிர்க்கும். முதலில் வீட்டுக்குள், பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பழக்குங்கள்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்: உடல்வாகும் எடையும் இந்த விளையாட்டுக்கென்றே அளந்து செய்தவைபோல் இருக்கும். வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் எதையும் நம்பாது. நம்பாததால்தான் தெருவில் பிழைத்தது. பலகை ஆடினால் ஓடிவிடும். அவசரப்படுத்தாதீர்கள்.

'பொமரேனியன்' என்று நாம் அழைக்கும் இந்திய ஸ்பிட்ஸ்: 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் பிள்ளைகள் பார்த்து மகிழ்ந்த 'டஃபி' இந்த வகைதான். கூர்மையான புத்தி. மிக விரைவில் கற்கும். குரைப்பை அடக்குவதுதான் வேலை. முடி அடர்த்தி என்பதால் வெயில் ஆகாது.

லாப்ரடார்: தின்பண்டத்திற்காக எதையும் செய்யும். முதலில் எடையைக் குறையுங்கள். இல்லையேல் இடுப்பு மூட்டு பாதிக்கும்.

பக் முதலிய சப்பை மூக்கு நாய்கள்: மூச்சுத் திணறல் இவற்றின் பிறவிக் குறை. தாண்டலை விட்டுவிட்டு, குழாயில் நுழைதலும் தரையில் வைத்த பலகையில் நடத்தலும் போதும். ஒரு நேரத்திற்கு இரண்டு நிமிடம். பந்தியில் கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுவே: வரும், ஆனால் மெல்ல வரும்.

டாஷ்ஹண்ட்: நீண்ட முதுகு, குட்டைக் கால். முதுகெலும்பின் வட்டுகள் நழுவும் நோய் இந்த ஜாதிக்கு அதிகம். தாண்டலும் ஏறிக் குதித்தலும் கூடவே கூடாது.

தொடங்கும் முன்

முதலாவது, கால்நடை மருத்துவரிடம் காட்டி இதயம், மூட்டு, கண் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வயது. குட்டியின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்து இருக்கும். அது இறுகுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும்; பெரிய ஜாதிக்கு இன்னும் தாமதம். அதற்குமுன் உயரத் தாண்டினால் எலும்பு கோணிப்போகலாம். பன்னாட்டு விதிப்படி பதினெட்டு மாதம் நிறையாத நாயைப் போட்டியில் சேர்ப்பதே இல்லை. குட்டிக்குக் கம்பு தரையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் புனேயிலும் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. ஆகவே காலை ஏழு மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்து தரை ஆறிய பின் மட்டுமே பயிற்சி. உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள்.

நான்காவது, வயிறு. சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். ஆழ்ந்த மார்புடைய சிப்பிப்பாறை, இராஜபாளையம் போன்றவற்றுக்கு இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஐந்தாவது, பரிசுத் தின்பண்டம். உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு, முட்டை, பனீர், கேரட் எதுவானாலும் சுண்டல் கடலை அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம், திராட்சை, பாயசத்துக் கிஸ்மிஸ், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாட்டிமார்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்!

எந்த மொழியில் சொல்வது?

இது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய சிக்கல். எங்கள் வீட்டில் நான் மணியை "வா" என்பேன். மகன் "கம்" என்பான். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் "இக்கடே யே" என்பார். பேரன் மூன்றையும் சேர்த்துச் சொல்வான். மணி யாரிடமும் வராது. நாங்கள் நாயைக் குறை சொன்னோம், குறை எங்களுடையது.

ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே பட்டியல் போட்டோம். ஒரு செயலுக்கு ஒரே சொல். எல்லோரும் அதையே சொல்லவேண்டும். நாங்கள் தமிழையே தேர்ந்தெடுத்தோம்: பார், வா, தாண்டு, ஏறு, தொடு, நுழை, இரு. ஒரே வாரத்தில் ஒரு தவறு தெரிந்தது. 'ஏறு', 'இரு' இரண்டும் நாயின் காதுக்கு ஒன்றுபோலவே கேட்டன. இருக்கச் சொன்னால் பலகைமீது ஏறி நின்று வாலாட்டியது! 'இரு' என்பதை 'நில்' என்று மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. சொற்களின் ஓசை ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கவேண்டும் என்று மணியிடம் நாங்கள் கற்ற பாடம் இது. பட்டியலைக் காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். வேலைக்கு வரும் அம்மாளும் இப்போது "வா மணி" என்றுதான் அழைக்கிறார்.

ஆறு வாரப் பாடம்

ஒரு நேரத்திற்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரு வேளை, அதற்குமேல் வேண்டாம். நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அடிப்பது, இழுப்பது, திட்டுவது மூன்றும் கூடாது. சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே "சபாஷ்" என்று சொல்லித் தின்பண்டம் கொடுக்கவேண்டும். மூன்று விநாடி தாமதித்தாலும் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓட்டமும் தாண்டலும் வேண்டாம்; பாய் விரித்துக்கொள்ளுங்கள், அல்லது புல்தரைக்குச் செல்லுங்கள். நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

முதல் வாரம் – பார்: பெயரைச் சொல்லி "பார்" என்று கூறுங்கள். நாய் உங்கள் முகத்தைப் பார்த்ததும் பரிசு. முதலில் வீட்டுக்குள், பிறகு மாடிப்படியில், பிறகு தோட்டத்தில். வேட்டைநாய் வைத்திருப்பவர்களுக்கு இதுவே மொத்தப் பாடத்தில் பாதி.

இரண்டாம் வாரம் – மணை: வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மணையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்கள் இரண்டையும் அதன்மேல் வைக்கச் செய்யுங்கள். பிறகு நான்கு கால்களையும், அதன்பின் பின்னங்கால்களை மட்டும். பல நாய்களுக்குத் தமக்குப் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது! ஓர் ஏணியைத் தரையில் படுக்கவைத்து, படிகளுக்கிடையே மெல்ல நடக்கவிடுவதும் நல்ல பயிற்சி.

மூன்றாம் வாரம் – தாண்டு: இரண்டு செங்கல்லின்மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயை வையுங்கள். கால் பட்டால் உருண்டு விழவேண்டும், கட்டிவைக்கக் கூடாது. வளர்ந்த நாய்க்கும் முதல் மாதங்களில் முழங்கை உயரத்திற்குமேல் வேண்டாம். தாண்டியபின் இடமும் வலமும் மாறிமாறித் திரும்பச் செய்யுங்கள்.

நான்காம் வாரம் – நுழை: போட்டியில் பயன்படும் குழாய் 60 செ.மீ. விட்டமும் 3 முதல் 6 மீட்டர் வரை நீளமும் உடையது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். நான்கு நாற்காலிகளை வரிசையாக வைத்து மேலே போர்வையைப் போர்த்தினால் குகை தயார். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறுமுனையில் குனிந்து முகத்தைக் காட்டி அழைக்கவேண்டும். குகையின் நீளத்தை நாளுக்குநாள் கூட்டுங்கள்.

ஐந்தாம் வாரம் – ஏறு, தொடு: 30 செ.மீ. அகலமுள்ள பலகையைத் தரையில் வைத்து நடத்துங்கள். வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். பிறகு ஒரு செங்கல் உயரம். முனைகளில் மஞ்சள் நாடா ஒட்டி, அந்த இடத்தில் கால் வைத்து நின்றால் "தொடு" என்று சொல்லிப் பரிசு. பலகையின் நடுவே சுருட்டிய துண்டு ஒன்றைக் கீழே வைத்தால் அதுவே சின்னச் சீசா. முனை தரையில் படும் ஓசைக்குத்தான் நாய்கள் அஞ்சும். முதலில் மிதியடி ஒன்றை அடியில் போட்டு ஓசையை அடக்குங்கள்.

ஆறாம் வாரம் – வளைந்து ஓடு: மணல் நிரப்பிய டப்பாக்களில் கம்புகளை நட்டு, 60 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். முதல் கம்பு எப்போதும் நாயின் இடத் தோளுக்குப் பக்கத்தில் வரவேண்டும். இரண்டு கம்புகளில் தொடங்கி நான்கு, ஆறு என்று கூட்டுங்கள். பன்னிரண்டைத் தொடப் பல மாதங்கள் ஆகும். முதுகு வளையும் பயிற்சியாதலால் நாளைக்கு நாலைந்து முறை போதும்.

இவையெல்லாம் தனித்தனியே வந்தபின், மூன்று தடைகளைச் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓடிப் பாருங்கள். உங்களுக்கு மூச்சிரைக்கும், நாய்க்கு இரைக்காது.

ஒரு சறுக்கலும் அதன் பாடமும்

மூன்றாம் வாரத்தில் மணி இரண்டு தடைகளை அழகாகத் தாண்டிற்று. பெருமை தலைக்கேறி, மூன்றாவதற்குக் கயிற்றைக் கழற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அணில் ஒன்று புல்தரையின் குறுக்கே ஓடியது. அடுத்த கணம் மணி கண்ணில் படவில்லை. பேரன் "மணி! மணி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். வெளிவாயிலைத் தாண்டினால் ஹடப்சரின் போக்குவரத்து. நல்லவேளையாகக் காவலாளி கதவைச் சாத்தினார். கால்மணி நேரம் கழித்துத்தான் மணி கையில் அகப்பட்டது. அதை அடிக்கக் கை ஓங்கினேன். பேரன் குறுக்கே நின்று, "தாத்தா, இப்போது அடித்தால் இனிமேல் கூப்பிட்டால் வராது" என்றான். அவன் சொன்னதே சரி. திரும்பிவந்த நாயை அடித்தால், திரும்பி வருவதே தவறு என்றுதான் அதற்குப் புரியும்.

அன்றுமுதல், சுற்றிலும் அடைப்பு இல்லாத இடத்தில் கயிற்றைக் கழற்றுவதே இல்லை. ஐந்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்கி, கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டினோம். கயிறு தடையில் சிக்காதபடி ஒரு நேரத்திற்கு ஒரே ஒரு தடை. பொதுத் தோட்டத்தில் பயிற்சி செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் விளையாடும் நேரத்தைத் தவிருங்கள். கழிவை அள்ள உறை கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் ஈரப்புல் வழுக்கும், உண்ணியும் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் வீட்டுக்குள் மணையும் ஏணியுமே எங்கள் பாடம்.

முடிவாக

மணி எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை; பதக்கம் எதுவும் வாங்கவில்லை. பார்டர் கோலி அரை நிமிடத்தில் முடிக்கும் ஓட்டத்தை அது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். நடுவில் பறவையையும் பார்க்கும். ஆனால் செருப்புகள் பிழைத்தன. இரவு பத்து மணிக்கு அது உறங்குகிறது. கீழ் வீட்டுக்காரர்களும் உறங்குகிறார்கள். அந்தப் பெரியவர் சில காலை வேளைகளில் எங்களோடு வந்து, குகையின் மறுமுனையில் குனிந்து நின்று மணியை அழைக்கிறார், தமிழில்! ஊருக்கு அனுப்பும் பேச்சு அதன்பின் எழவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பேரன், மணியோடு தமிழில்தான் பேசுகிறான். ஏழு சொற்களில் தொடங்கியது, இப்போது "ஏன்டா இப்படிப் பண்ற? தாத்தா பார்த்தா என்ன சொல்வாரு?" என்பதுவரை வந்திருக்கிறது. பாடம் நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் நாய் இருப்பவர்கள் இன்று மாலையே ஒரு மணையை எடுத்துக் கூடத்தில் வைத்துத் தொடங்குங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்
(விடைகள் கட்டுரைக்குள்ளேயே உள்ளன)

1. தடைதாண்டல் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்தக் கண்காட்சியில் நடத்திக் காட்டப்பட்டது?
2. பார்டர் கோலி மனிதனைக் கவனிப்பதற்கும், சிப்பிப்பாறை தானே முடிவெடுப்பதற்கும் காரணம் என்ன?
3. 'ஏறு', 'இரு' என்ற இரு சொற்களால் மணிக்கு என்ன குழப்பம் வந்தது? அது எப்படித் தீர்ந்தது?
4. நம் வீட்டுச் சமையலில் உள்ள எந்தெந்தப் பொருள்கள் நாய்க்கு நஞ்சு?
5. ஓடிப்போய்த் திரும்பி வந்த நாயை ஏன் அடிக்கக்கூடாது?
6. உங்கள் வீட்டு நாய், அல்லது உங்கள் தெருவில் உள்ள நாய், எந்த வேலைக்கு ஏற்றது என்று நினைக்கிறீர்கள்? ஐந்து வாக்கியங்களில் தமிழில் எழுதி அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.